அரை மாத்திரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கியபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்கப்பா, காதல் கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்குது" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று டிரான்ஸ்ஃபார்மர். அதை எழுதினால் அரியர் பேப்பர் மாதிரி இருக்கும். இன்னொன்று புறா. ஆகவே நண்பர்களே, புறாவைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட புறாக்கூண்டு ஒன்று இருக்கிறது. அது என் மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பி. காசிமேட்டு துறைமுகத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு தடவை போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரை. அவர் கடலில் இருக்கும்போது புறாக்களுக்கு நான்தான் காவல். ஆறாம் வகுப்பிலிருந்தே இந்த உத்தியோகம். சம்பளம் கிடையாது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கள் பக்கத்து மாடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணி டேங்க் இல்லாத வீடு உண்டு, புறாக்கூண்டு இல்லாத தெரு கிடையாது. 2015-ல் வந்த 'மாரி' படத்தில் தனுஷ் புறா விட்டதைப் பார்த்துத்தான் ஊருக்கே எங்கள் பைத்தியம் தெரிந்தது. எங்களுக்கு அது சினிமா இல்லை. மாமா வைத்திருப்பது ஹோமர் ஜாதி. நெல்லூர், ஓங்கோல் என்று கொண்டுபோய் விட்டால் வீட்டைத் தேடிப் பறந்து வரும். ஒடிசா போலீஸில் 1946-லிருந்து பல வருஷம் கடிதம் சுமந்ததும் இந்த மாதிரிப் புறாக்கள்தான். 1999 பெரும்புயலில் தந்தி, டெலிபோன் எல்லாம் படுத்துவிட்டபோது அவைதான் சேதி கொண்டுபோயின.

மாமாவின் கூண்டில் அப்போது இருபத்திரண்டு உருப்படி. அதில் ஒரு பெட்டைக்கு 'சிலேட்டு' என்று பெயர். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு நிறம், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. ஓங்கோலில் காலை ஆறு மணிக்கு விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாடியில் வந்து உட்கார்ந்துவிடும். மாமா வலை இழுத்துக் காய்த்துப்போன கையில் அதைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்து, என் அத்தை "எங்கிட்ட இவ்ளோ பேசுனதில்ல" என்று சொல்வார்கள்.

சிலேட்டைக் கொன்றது நான்.

2023 டிசம்பர். நான் அப்போது முதலாண்டு. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். வடசென்னை எப்படி இருந்தது என்று இங்கே பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இடுப்பளவு தண்ணீரில் நீங்களும் நின்றிருப்பீர்கள். எங்கள் கூண்டின் தகரம் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. புறாக்கள் இரண்டு ராத்திரி நனைந்தன. தண்ணீர் வடிந்ததும் மாமாவின் கூட்டாளி ஒருத்தர் எர்ணாவூரிலிருந்து ஆறு புறாவை ஒரு காய்கறிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கூண்டே போய்விட்டது. "கொஞ்ச நாள் உன்னாண்ட கெடக்கட்டும்" என்றார். மாமாவும் சரியென்று நம் புறாக்களோடேயே விட்டுவிட்டார். அந்த நிலைமையில் யார்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்?

கடலுக்குப் போகலாம் என்று ஆனதும் மாமா கிளம்பிவிட்டார். அவர் போன மூன்றாம் நாள் கூண்டைச் சுத்தம் பண்ணும்போது கவனித்தேன், தண்ணீர்த் தொட்டி மத்தியானத்துக்குள்ளேயே காலி. பலகையெல்லாம் எச்சம் தண்ணீர் தண்ணீராகக் கிடந்தது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சிலேட்டு ஒரு மூலையில் உடம்பை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சோளத்தைக் கொத்தப் போகும், அலகு ஒரு அங்குலம் தள்ளித் தரையில் இடிக்கும். மறுபடி கொத்தும், மறுபடி தப்பும். பார்க்கவே என்னவோ போல் இருந்தது. கையில் எடுத்தேன். உடம்பு கொதித்தது.

காய்ச்சல் என்று முடிவு கட்டினேன். கூண்டு மேலே மாமா ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருப்பார். அதில் கால் வளையங்கள், நூல், பிளேடு, அவர் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் 500 அட்டை ஒன்று. 'சின்ன உயிராச்சே' என்று நான் புத்திசாலித்தனமாக ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். தூளாக்கித் தண்ணீரில் கரைத்தேன். அலகைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஊசி போடாத சிரிஞ்சில் எடுத்து வாய்க்குள் ஊற்றினேன். சிலேட்டு தலையை உதறியது. மூக்கு ஓட்டையில் நுரை மாதிரி ஏதோ வந்தது. மருந்து இறங்கிவிட்டது என்று திருப்தியாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் அது விறைத்துக் கிடந்தது.

பயத்தில் ஒரு கேரி பேக்கில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு காலேஜுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங். என் கை பைலைத் தள்ளிக்கொண்டிருந்தது, மனசு தொட்டியில் இருந்தது.

அது ஒன்றோடு போகவில்லை. இரண்டே நாளில் மூன்று புறாக்களுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ஒரு சாம்பல் ஆணுக்கு உச்சந்தலை தரையைப் பார்த்தது, அலகு வானத்தைப் பார்த்தது. பறக்க முயற்சி பண்ணினால் பின்பக்கமாகப் பல்டி. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடு என்றார் ஒருத்தர். பிராந்தி ரெண்டு சொட்டு விடு என்றார் இன்னொருத்தர், அவர் கண்ணிலேயே அது தெரிந்தது. "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்றது ஒரு பாட்டி. "கழுத்தைத் திருகிப் போட்டுடு, இல்லைனா எல்லாத்துக்கும் தொத்தும்" என்பதுதான் பெரும்பாலோர் தீர்ப்பு.

பக்கத்தில் இருந்த ஒரு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். அங்கே மாடு இருந்தது, ஆடு இருந்தது, நாய் இருந்தது. டாக்டர் நல்ல மனிதர்தான். என் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, எனக்குப் புறா பழக்கம் இல்ல. தெரியாம ஒரு மருந்தை எழுதித் தர மாட்டேன். வேப்பேரிக்குப் போ" என்றார். அப்போது எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கு யோசித்தால், தெரியாது என்று அவர் சொன்ன வார்த்தையை நான் மாத்திரை உடைத்த அன்றைக்கு எனக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரங்களில்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய விஷயம் பேப்பரில் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் அலையாத்திக் காட்டிலும் படிந்து, மீனவர்கள் படகில் போய் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய் அப்பிக்கொண்ட கூழைக்கடாக்களின் படம் வந்தது. வெள்ளைப் பறவை பழுப்பாக நிற்கிறது. வனத்துறையினர் பிடித்துக் கழுவப் பார்த்தார்கள். ஆனால் பறக்கிற தெம்பு இருக்கும்வரை அது கையில் சிக்காது, சிக்குகிற நேரத்தில் தெம்பு போயிருக்கும். அந்தப் படத்தை வெட்டிக் கூண்டுக் கதவில் ஒட்டினேன். ஏன் ஒட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வேப்பேரி என்பது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து இரண்டே வருஷத்தில் வேப்பேரிக்கு வந்த பழைய கல்லூரி. அங்கே இருக்கிற ஆஸ்பத்திரியில் பறவைகளையும் பார்க்கிறார்கள். 'அப்புறம் என்ன கஷ்டம்?' என்று நீங்கள் கேட்கலாம். திருவொற்றியூரிலிருந்து பெட்டியோடு பஸ் பிடித்து, டோல்கேட்டிலும் மின்ட்டிலும் நெரிசலில் நின்று, ஒரு நாள் கிளாஸைக் கட் அடித்துப் போக வேண்டும். புறாவோ தன் வியாதியைக் கடைசி வரைக்கும் மறைக்கிற ஜாதி. காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் வல்லூறு அடித்துவிடும் என்பதால் அந்தப் பழக்கம். அது சோர்ந்து உட்கார்ந்து நம் கண்ணில் படுகிறபோது ஏற்கெனவே பாதி தூரம் போயிருக்கும். ஆட்டுக்கு, மாட்டுக்கு இருக்கிற அவகாசம் அதற்குக் கிடையாது. அதனால்தான் எங்கள் பேட்டையில் ஆளாளுக்கு டாக்டர்.

ஆனாலும் போனேன். அந்தச் சாம்பல் ஆணை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா கையில் வாங்கி, முதலில் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. தராசில் வைத்தார்கள். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்கள். வாயைத் திறந்து மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அது வேறு வியாதியாம். எச்சத்தைக் காட்டச் சொன்னார்கள். பெட்டியில் விரித்திருந்த பேப்பரைக் காட்டினேன். புறா எச்சத்தில் மூன்று பங்கு உண்டு என்று விளக்கினார்கள்: பச்சையோ பழுப்போ ஆன மலம், வெள்ளையாக உப்பு, சுற்றித் தெளிவான தண்ணீர். என் பேப்பரில் மலம் கெட்டியாகவே இருந்தது, தண்ணீர்தான் குளமாக நின்றது. "இது கழிச்சல் இல்லப்பா. கிட்னி பாதிச்சிருக்கு. அதான் அவ்வளவு தண்ணி குடிக்குது" என்றார்கள்.

பிறகு சொன்ன விஷயம் எனக்கு அப்படியே மனப்பாடம். கோழிக்கு வருகிற வெள்ளைக் கழிச்சல் தெரியும் அல்லவா, ராணிக்கெட் நோய்? இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பக்கம் ராணிக்கெட் என்று ஒரு ஊர். 1927-ல் நம் நாட்டில் அங்கே கண்டதால் அந்தப் பெயர். அதற்கு முந்தின வருஷம் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் கண்டதால் உலகம் முழுக்க நியூகாசில் நோய் என்பார்கள். அந்த வைரஸின் ஒரு கிளை புறாவுக்கென்றே பழகிக்கொண்டது. 1980-களில் அது பந்தயப் புறாக்கள் வழியாக ஐரோப்பா பூராவும் பரவியது. மூளையையும் நரம்பையும் பிடிக்கும். கழுத்து திருகும். கொத்தினால் குறி தப்பும். இதற்கு மருந்து கிடையாது! ஆனால் இந்த நோயில் நிறையப் புறாக்கள் நோயால் சாவதில்லையாம், கொத்தத் தெரியாமல் பட்டினியில் சாகின்றனவாம். யாராவது ஊட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் ஆறு வாரம், எட்டு வாரத்தில் பல பறவைகள் தேறிவிடும்.

"முதல்ல செத்ததுக்கு என்ன கொடுத்தே?" என்று கேட்டார்கள். சொன்னேன்.

டாக்டர் அம்மா திட்டவில்லை. ஒரு பேப்பரை என் பக்கம் தள்ளி, "டிப்ளமோ படிக்கிறியே, கணக்குப் போடு" என்றார்கள். போட்டேன். அரை மாத்திரை என்றால் 250 மில்லிகிராம். புறாவின் எடை 400 கிராம். அதாவது கிலோவுக்கு 625 மில்லிகிராம். அதே அளவை 60 கிலோ எடையுள்ள ஆளுக்குக் கொடுப்பதானால் 37,500 மில்லிகிராம். 500 மாத்திரையில் எழுபத்தைந்து.

எழுபத்தைந்து மாத்திரை! டார்ச் பல்பைக் கொண்டுபோய் மூன்று ஃபேஸ் லைனில் கொடுத்த மாதிரி. 'பாதிதானே' என்று நான் உடைத்தேன். எதில் பாதி என்று யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, சிலேட்டுக்குக் காய்ச்சலே இருந்திருக்காது. நம் உடம்பு 37 டிகிரி, புறாவின் உடம்பு சாதாரணமாகவே 41, 42 டிகிரி. நல்ல புறாவை எடுத்தாலும் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் தூக்கிய எனக்கு, நல்லா இருந்தபோது எவ்வளவு சூடு என்று தெரியவில்லை. பதற்றத்தில் தொட்டதும் கொதிக்கிறது என்று தோன்றிவிட்டது.

மூக்கில் நுரை வந்ததையும் சொன்னேன். பறவைக்கு நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்து கிடக்கிறது. நமக்கு இருக்கிற மாதிரி மேலே மூடி கிடையாது. நேராக ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். ஊட்டவேண்டுமானால் அதன் கழுத்தின் வலது பக்கமாக இறங்குகிற உணவுக்குழாயைப் பார்த்து இறக்க வேண்டும். தண்ணீருக்கு அதுவும் தேவையில்லை. கோழி மாதிரிப் புறா தலையைத் தூக்கி விழுங்குவதில்லை, அலகை முக்கி உறிஞ்சும். டம்ளரில் அலகு நுனியை நனைத்தாலே அதுவாகக் குடித்துக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் தொட்டியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்!

ஆக மாத்திரையா, தண்ணீரா, வைரஸா, எது சிலேட்டைக் கொன்றது? உடலைக் கொண்டுவந்திருந்தால் அறுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாமாம். ஃப்ரீசரில் வைக்காமல் ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவந்திருக்க வேண்டுமாம். நான்தான் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேனே.

மாமா கரைக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கூண்டைத் திறந்தார், எண்ணினார். "சிலேட்டு எங்கடா?" "சீக்கு வந்து செத்துடுச்சு மாமா. ராணிக்கெட்டாம். வேப்பேரியிலே சொன்னாங்க." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, மொத்தமும் பொய். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார், மூடினார், கீழே இறங்கிப் போய்விட்டார்.

அப்புறம் ஏழு வாரம். துறைமுகத்தில் கிடைத்த பழைய பலகையில் நானே ஒரு பெட்டி அடித்தேன். சீக்குப் புறாவுக்குச் சூடு தேவை, உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவதிலேயே அதன் தெம்பெல்லாம் தீர்ந்துவிடும். முதலில் 60 வாட் பல்பு போட்டேன். புறா வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. 40 வாட்டுக்கு மாற்றி, ஒரு மூலையை இருட்டாக விட்டு, உள்ளே 30 டிகிரி நிற்கும்படி ஒரு தெர்மோஸ்டாட்டை லைனில் சேர்த்தேன். டிப்ளமோ படித்து உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. எர்ணாவூர்ப் புறாக்கள், சீக்கு, நல்லது என்று மூன்றாகப் பிரித்தேன். நல்லதைப் பார்த்து முடித்த பிறகுதான் சீக்கைத் தொடுவது. பலகையை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிக் காயவைப்பேன். அப்படியும் எனக்கே ஒரு கண் சிவந்து இரண்டு நாள் நீர் வடிந்தது. இந்த வைரஸ் கையாள்கிறவன் கண்ணை இப்படிப் பிடிப்பதுண்டு, கை கழுவாமல் கண்ணைத் தேய்க்கக்கூடாது.

ஊட்டுவதுதான் பெரிய வேலை. ஊறவைத்த பச்சைப் பட்டாணி. புறாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, அலகை விரலால் பிரித்து, ஒவ்வொன்றாக நாக்குக்குப் பின்னால் தள்ள வேண்டும். அதுவாக விழுங்கும். ஒரு வேளைக்கு முப்பது, நாற்பது. காலையும் மாலையும், மூன்று புறாவுக்கு. கழுத்தடியில் இருக்கிற இரைப்பை காலையில் காலியாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த ஈடு. ஒரு மாதம் என் விரலில் பட்டாணி வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கழுத்து திருகின பறவைக்குத் தட்டில் தீனி போட்டால் பயனில்லை, ஆழமான கிண்ணம் நிறையப் போட்டால் எங்கே கொத்தினாலும் ஏதோ ஒன்று மாட்டும் என்பதைச் சாம்பல்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நகை எடை பார்க்கிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். லேப் ரெக்கார்டு போல ஒரு நோட்டு. தேதி, எடை, எச்சம், எத்தனை பட்டாணி. சாம்பல் முதல் நாள் 372. அடுத்த வாரம் 341. அந்த எண்ணைப் பார்த்த ராத்திரி தூக்கமில்லை. கண்ணுக்கு இறகு மூடி எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், தராசுதான் இறங்குவதைச் சொல்லும். பிறகு 344. 352. நான்கு கிராம் ஏறினால் செமஸ்டரில் பாஸ் ஆன சந்தோஷம்.

இடையில் டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. சொந்தக்காரர்கள் நடுராத்திரியில் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் நெடி இல்லை. ஆனாலும் மாமா முதல் வேலையாகக் கூண்டுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு வந்தார். பறவையின் மூச்சு நம்முடையதைவிடப் பலமடங்கு சுருசுருப்பு, காற்றில் இருக்கிற விஷத்தை முதலில் வாங்குவதும் அதுதான். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 1986 வரைக்கும் கேனரிக் குருவியைக் கூண்டில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் பேட்டையில் யாரும் எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, எல்லாம் மாடியிலேயே இருக்கிறது.

மூன்றில் ஒன்று போய்விட்டது. இரண்டு தேறின.

ராயபுரத்தில் புறா வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருத்தரைப் பார்க்க மாமா என்னைக் கூட்டிப்போனார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். "புதுப் புறா எது வந்தாலும் ஒரு மண்டலம் தனியா வைப்பேன், கண்ணு. அப்பா சொல்லிக் குடுத்தது" என்றார். அந்தக் காலத்தில் வெனிஸ் துறைமுகத்தில் கொள்ளைநோய்க்குப் பயந்து கப்பல்களை நாற்பது நாள் வெளியே நிறுத்தினார்கள். அந்த நாற்பதிலிருந்துதான் 'குவாரண்டைன்' என்ற சொல்லே வந்தது. எங்கள் துறைமுகத்துப் பெரியவர் மண்டலம் என்கிறார். எர்ணாவூர்க் கூடையை அப்படித் தனியாக வைத்திருந்தால்... சரி, வெள்ளத்தில் வீடு போன மனிதரிடம் அதைச் சொல்லியிருக்க முடியாதுதான். புறாவைத் தனியாக வைத்திருக்கலாம்.

திரும்பி வரும்போது மாமா என் நோட்டைக் கேட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். முதல் பக்கத்தில் முதல் வரியில் நான் எழுதியிருந்தேன்: 'சிலேட்டு. இறப்பு. காரணம்: நோய்.'

அங்கே விரலை வைத்துக்கொண்டு, "அந்த அட்டையில ஒன்பதரை மாத்திரை இருந்திச்சே, அரை எங்கடா போச்சு?" என்றார்.

அழுதுவிட்டேன். ரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்தைந்து கணக்கையும் சொன்னேன். மாமா ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார். "அன்னிக்கே தெரியும். சொல்லுவியான்னு பாத்துனு இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானு மண்ணெண்ணெய் தடவிக் கொன்னிருக்கேன். பிராந்தி ஊத்திக் கொன்னிருக்கேன். ஆஸ்பத்திரி ஊசி மருந்தை வாயில ஊத்திக் கொன்னிருக்கேன். நான் கணக்கு எழுதினா உன் நோட்டு பத்தாது. ஆனா எழுதலை, அதனாலதான் திரும்பத் திரும்பப் பண்ணேன்" என்றார். பேனாவை வாங்கி என்னிடமே கொடுத்தார். நான் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'பாராசிட்டமால் 250 மி.கி., எடை பார்க்கவில்லை, வாயில் ஊற்றியது.'

அந்தப் பிப்ரவரியில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஐந்து கூண்டுக்காரர்கள் சேர்ந்து, டாக்டர் சொன்னபடி நல்லாயிருந்த புறாக்களுக்குத் தடுப்பு மருந்து போட்டோம். நோய் வந்த பிறகு அதனால் பயனில்லை. இந்தக் கோழி மருந்துக் குப்பியை உடைத்துக் கலக்கினால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஒரு குப்பியோ நூறு பறவைக்கு வருவது. தனி ஆள் வாங்கினால் முக்கால்வாசி சாக்கடைக்கு. அதனால்தான் கூட்டு. குளிர் விடாமல் கொண்டுவரவேண்டும் என்றார்கள். காசிமேட்டுக்காரனுக்கு ஐஸ் பெட்டி பஞ்சமா? மீன் வாசனையோடு வந்து சேர்ந்தது தடுப்பு மருந்து.

இன்றைக்கு என்னைத் தெருவில் 'புறா டாக்டர்' என்கிறார்கள். எனக்குப் பிடிக்காத பெயர். அட்டைப்பெட்டியோடு யாராவது வருவார்கள். நான் எடை போடுவேன், எச்சம் பார்ப்பேன், சூடு கொடுக்கச் சொல்வேன், ஊட்டக் காட்டிக்கொடுப்பேன், வேப்பேரிக்கு எந்த பஸ் என்று சொல்வேன். மருந்து பெயர் சொல்ல மாட்டேன். ஒருத்தர் பச்சைக்கிளியே கொண்டுவந்தார். 1972-ம் வருஷச் சட்டப்படி நாட்டுக்கிளி வளர்ப்பதே குற்றம் என்று சொன்னதும் அவருக்கு என் மேல் மனஸ்தாபம்.

போன மாதம் ஒரு பையன், எட்டாவது படிப்பான், ஷூ டப்பாவில் ஒரு லவ் பேர்ட்ஸைக் கொண்டுவந்தான். நீலக்குருவி. கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. தராசில் வைத்தேன், 29 கிராம். "காய்ச்சலுண்ணா, தொட்டா சுடுது" என்றான். அவன் சட்டைப் பையைப் பார்த்தேன். பேப்பரில் மடித்து அரை மாத்திரை வைத்திருந்தான். "இன்னும் குடுக்கலியே?" என்றேன். "இல்லண்ணா, உன்ன கேட்டுட்டுக் குடுக்கலாம்னு" என்றான்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு, என் பலகைப் பெட்டியையும் 40 வாட் பல்பையும் கொடுத்து அனுப்பினேன். காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வேப்பேரிக்குப் போகச் சொன்னேன். குருவி என்ன ஆயிற்று என்று அவன் இன்னும் வந்து சொல்லவில்லை. பெட்டியும் திரும்பி வரவில்லை.